ஓய்விடத்தின் இரண்டு பதிவேடுகள்: டாக் பங்களா முதல் விருந்தினர் குடில் வரை

நகரத்து நெரிசலிலிருந்து இரண்டு மூன்று நாள் விலகி, மலைச்சரிவிலோ காட்டோரத்திலோ ஒரு குடிலில் தங்கித் திரும்புவது இன்று இந்திய நடுத்தர வர்க்கத்தின் இயல்பான பழக்கமாகிவிட்டது. இப்பழக்கத்திற்கு ஏறத்தாழ இருநூறாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றுக்குப் பெரும்பாலும் சான்றாகக் கொள்ளப்படுபவை தங்க வந்தவர்களின் எழுத்துகளே: பயண நூல்கள், கடிதங்கள், விடுதியின் வருகைப் பதிவேடு. ஆனால் அதே விடுதிகளைச் சுற்றி இன்னொரு பதிவேடும் இருந்தது. வருகிற அதிகாரியின் பெட்டிகளை எந்த ஊரார் எந்த முறையில் சுமக்க வேண்டும், பாலும் விறகும் எந்த வீட்டிலிருந்து போக வேண்டும் என்று குறித்துவைத்த பதிவேடு அது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஓய்விடம் என்னும் அமைப்பைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. அதன் கதவு யாருக்குத் திறந்தது? அங்கே கிடைத்த ஓய்வு யாருடைய உழைப்பின் மேல் நின்றது?

1. அஞ்சலும் தங்கலும்

‘டாக் பங்களா’ என்னும் தொடரிலேயே அதன் பிறப்பு அடங்கியிருக்கிறது. ‘டாக்’ என்பது அஞ்சல். ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்திற்கு ஆள் மாற்றி ஆள் கொண்டு செல்லும் முறை. ‘பங்களா’ என்பது வங்காளத்து வீடு. தாழ்ந்து இறங்கும் கூரையும் சுற்றுத் திண்ணையும் கொண்ட நாட்டுப்புறக் குடிசையின் வடிவத்தை ஐரோப்பியர் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டது. தமிழகத்தில் இதே கட்டடம் ‘முசாபரி பங்களா’ என்றும் ‘டி.பி.’ என்றும் வழங்கியது. முசாபிர் என்றால் பயணி.

அஞ்சலையும் தங்கலையும் இணைத்தது கம்பெனி ஆட்சியின் புதுமை அன்று. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரி, இரண்டு குரோசத்திற்கு ஒன்றாகச் சராய்களை அமைத்ததாக அப்பாஸ் கான் சர்வானியின் வரலாறு கூறுகிறது. மொத்தம் 1,700 சராய்கள் என்பது அவர் தரும் கணக்கு. ஒவ்வொரு சராயிலும் செய்தி கொண்டு செல்ல இரண்டு குதிரைகள் நின்றன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வருவோர்க்கு நீரும் உணவும் படுக்கையும் தர ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். ஒரு நூற்றாண்டு கழித்து ஷாஜகானின் மகள் ஜகனாரா டெல்லி சாந்தினி சௌக்கில் கட்டிய சராயை பிரெஞ்சுப் பயணி பெர்னியர் வியந்து எழுதினார். 1857க்குப் பின் அந்தச் சராய் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் நகர மன்றக் கட்டடம் எழுந்தது.

சராய் வணிகக் கூட்டத்திற்கானது. பெரிய முற்றம், ஒட்டகமும் மாடும் கட்ட இடம், சுற்றிலும் வரிசையாக அறைகள், இரவில் அடைக்கும் ஒற்றை வாயில் என்பன அதன் அமைப்பு. டாக் பங்களாவோ தனித்துப் பயணம் செய்யும் ஒருவரை, பெரும்பாலும் ஓர் அதிகாரியை, கருத்தில் கொண்டு எழுந்தது. உயர்ந்த மேடை, சுற்றுத் தாழ்வாரம், இரண்டு மூன்று அறைகள், ஒவ்வொன்றையும் ஒட்டிக் குளியலறை, பின்புறம் எட்டத்தில் சமையற்கட்டு, அதனருகே பணியாளர் குடியிருப்பு. மதில் சூழ்ந்த முற்றத்தில் பலரோடு பலராகத் தங்கும் நிலை மாறி, திறந்த வெளியின் நடுவே தனியாகத் தங்கும் நிலை வந்தது. இன்றைய விருந்தினர் குடிலின் தரைப்படம் ஏறக்குறைய இதுவே.

1886இல் யூலும் பர்னெலும் தொகுத்து வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, முக்கியச் சாலைகளில் 10 முதல் 15 மைல் இடைவெளியில் இவ்விடுதிகள் இருந்தன என்கிறது. கூடாரம் சுமக்காமலே பயணி ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தைக் கடந்துவிடலாம். போக்குவரத்துக் குறைந்த சாலைகளில் 40, 50 மைலுக்கு ஒன்று. அது பல்லக்கின் ஓரிரவு ஓட்டத்திற்குக் கணக்கிட்ட தொலைவு. ‘ஓர் இரவு ஓட்டம்’ என்னும் இந்த அளவு யாருடைய கால்களால் அளக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பயணி அஞ்சலகத்திற்கு முன்கூட்டியே எழுதிவிடுவார். ஒவ்வொரு கட்டத்திலும் பல்லக்குத் தூக்கிகளும் தீவட்டிக்காரரும் காவடிச் சுமையாளரும் மாற்று ஆட்களாகக் காத்து நிற்பர். உள்ளே இருப்பவர் உறங்குவார், பல்லக்கு ஓடும்.

விடுதிக்குள் உணவுக்குப் பொறுப்பானவர் கான்சாமா. பயணி வந்து இறங்கிய பிறகே முற்றத்தில் கோழியைத் துரத்திப் பிடித்து அறுப்பது அவர் வழக்கம். அந்தக் கோழிக்கறிக்கு ஆங்கிலேயர் இட்ட கேலிப்பெயர் ‘திடீர் மரணம்’. அதுவும் அகராதியில் ஏறியிருக்கிறது. ஒருவர் 24 மணி நேரம் தங்கியபின் புதிய பயணி வந்தால் இடம் விட வேண்டும் என்பது பொது விதி. அதனால் டாக் பங்களா பல காலம் ஓய்வுக்கான இடமாக இருந்ததில்லை. கடந்து செல்வதற்கான இடமாகவே இருந்தது. புகைவண்டி வந்து பெருஞ்சாலைப் பயணத்தை விழுங்கிய பிறகே அதன் பயன் மாறியது. கிப்ளிங் 1888இல் டாக் பங்களாவை ஒரு பேய்க் கதையின் களமாக ஆக்கியபோது, அது ஏற்கெனவே பழைய காலத்தின் சின்னமாகிவிட்டிருந்தது.

2. மலைமேல் ஒரு குடில்

தங்குவதற்காகவே ஓரிடத்திற்குப் போவது மலைகளில் தொடங்கியது. 1814–16 கூர்க்கா போருக்குப் பின் சிம்லா மலைப்பகுதி கம்பெனியின் செல்வாக்குக்குள் வந்தது. 1819இல் லெப்டினன்ட் ராஸ் அங்கே மரத்தால் ஒரு குடில் அமைத்தார். 1822இல் சார்லஸ் பிராட் கென்னடி நிலையான முதல் வீட்டைக் கட்டினார். 1827இல் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் கோடைக்கு அங்கு வந்தார். 1830இல் கியோந்தல், பாட்டியாலா சமஸ்தானங்களிடமிருந்து நிலம் மாற்றாகப் பெறப்பட்டது. 1835இல் டார்ஜிலிங் சிக்கிம் மன்னரிடமிருந்து பெறப்பட்டபோதும் உடல்நலம் குன்றிய அரசு ஊழியர்க்கான இடம் என்பதே சொல்லப்பட்ட காரணம். சமவெளியின் வெப்பமும் நச்சுக் காற்றும் ஐரோப்பிய உடலைச் சிதைக்கும் என்று அக்கால மருத்துவம் நம்பியது. ஓய்வு மருந்தாகக் கருதப்பட்டது. குளிர்ந்த காற்றுக்கு அரசே பொறுப்பேற்றது.

டேன் கென்னடி 1996இல் வெளியிட்ட ‘தி மேஜிக் மவுண்டன்ஸ்’ நூல் இந்த மலைநகரங்களின் முரணை எடுத்துக்காட்டுகிறது. இங்கிலாந்தின் கிராமத்தை நினைவூட்டும் குடில்கள், பூந்தோட்டங்கள், தேவாலயம் என்று இந்தியாவை மறக்க எழுப்பப்பட்ட இடங்கள் இவை. ஆனால் ஒவ்வொரு ஐரோப்பியரையும் தாங்கி நிற்கப் பல இந்தியர் மலையேற வேண்டியிருந்தது. சமையல்காரர், சலவையாளர், நீர் சுமப்பவர், எழுத்தர், சுமையாளர் என்று அவர்கள் குடியேறிய சந்தைப் பகுதி நெருக்கத்தால் பிதுங்கியது. எந்த நகரத்திலிருந்து விலகி வந்தார்களோ அதே நகரம் அவர்கள் பின்னாலேயே மலையேறியது. 1864இல் ஜான் லாரன்ஸ் சிம்லாவை அதிகாரபூர்வமான கோடைத் தலைநகராக்கினார். அதன்பின் கல்கத்தாவின் கோப்புகளும் அலுவலகங்களும் ஆண்டுதோறும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இடம்பெயர்ந்தன. கல்கா–சிம்லா இருப்புப்பாதை 1903இல்தான் திறக்கப்பட்டது.

சிம்லாவின் வீதிகளில் குதிரை வண்டி செலுத்தும் உரிமை வைசிராய், படைத்தலைவர், பஞ்சாப் துணைநிலை ஆளுநர் ஆகியோர்க்கு மட்டுமே. ஏனையோர் நடக்க வேண்டும், குதிரையேற வேண்டும், அல்லது மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவில் செல்ல வேண்டும். வண்டிச் சத்தமற்ற மலைநகரின் அமைதியை விரும்பி எழுதியவர்கள் பலர். அந்த அமைதி ரிக்‌ஷா இழுத்தவர்களின் மூச்சிலிருந்து கிடைத்தது.

3. சரயு நதியில் எறிந்த பதிவேடு

கூர்க்கா போருக்குப் பின் சிம்லா மலைகளின் சிற்றரசர்களுக்கு வழங்கப்பட்ட சனதுகளிலேயே, கேட்கும்போது கட்டாய ஆட்களை அனுப்ப வேண்டும் என்னும் நிபந்தனை இருந்தது. பேகார் என்று பெயர் கொண்ட இந்த ஊதியமற்ற உழைப்பு பிரிட்டிஷாருக்கு முன்பே மலையரசுகளில் இருந்ததுதான். ஆனால் சாலையும் விடுதியும் பெருகப் பெருகச் சுற்றுப்பயணமும் பெருகியது. சுமையும் அதற்கேற்பக் கூடியது.

குமாவோன் பகுதியில் இது மூன்று பெயர்களில் நின்றது. கூலியின்றிச் சுமப்பது கூலி-பேகார். பெயரளவுக் கூலிக்குக் கட்டாயமாகச் சுமப்பது கூலி-உதார். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிக்கும் அவர் பரிவாரத்திற்கும் பால், தானியம், விறகு, புல் ஆகியவற்றைத் தருவது பர்தாயிஷ். நிலம் வைத்திருப்போரின் கடமையாக இவை கருதப்பட்டன. ஊர்த் தலைவரிடம் இருந்த பதிவேடு முறைவைத்து ஆளைக் குறித்தது. அறுவடை நாளானாலும், வீட்டில் நோயாளி இருந்தாலும் முறை வந்தவர் விடுதி வாசலில் நிற்க வேண்டும். வனத்துறையின் வருகை இச்சுமையை மேலும் கூட்டியது என்பதை ராமச்சந்திர குஹா தம் ‘தி அன்கொயட் வுட்ஸ்’ நூலில் விளக்குகிறார். 1911க்கும் 1917க்கும் இடையில் நடந்த காட்டு நில வரையறை, மக்கள் பயன்படுத்திய காட்டை ஒதுக்குக் காடாக்கியது. அந்தக் காட்டை மேற்பார்வையிட வந்த அதிகாரிகளின் பெட்டிகளை அதே மக்களின் தோளில் ஏற்றியது. ஷேகர் பாடக் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இவ்வழக்கத்தின் வரலாற்றைத் தொகுப்பதில் செலவிட்டார்.

எதிர்ப்பு மெல்லத் திரண்டது. 1916இல் குமாவோன் பரிஷத் தோன்றியது. அல்மோராவிலிருந்து வந்த ‘சக்தி’ வார இதழின் ஆசிரியர் பத்ரி தத் பாண்டே பேகார் முறையை விடாமல் தாக்கி எழுதினார். 1921 ஜனவரியில் மகர சங்கராந்தித் திருவிழாவிற்காக பாகேஷ்வரில் கூடிய மக்கள், இனிச் சுமப்பதில்லை என்று சரயு நீரைக் கையிலெடுத்து உறுதி பூண்டனர். ஊர்த் தலைவர்கள் தாம் கொண்டுவந்திருந்த பதிவேடுகளைச் சரயுவும் கோமதியும் கூடும் இடத்தில் எறிந்தனர். கட்டாயச் சுமை குமாவோனில் அதன்பின் நிலைக்கவில்லை. அதே ஆண்டுகளில் சிம்லா மலைகளின் கோட்கட் பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்து அங்கேயே குடும்பம் அமைத்துக்கொண்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் பேகாருக்கு எதிராகப் போராடினார். 1921 டிசம்பரில் அவர் கைதானார்.

1929இல் காந்தி குமாவோனுக்கு வந்தார், பாகேஷ்வருக்கும் சென்றார். கௌசானியில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, கீதைக்குத் தாம் செய்த குஜராத்தி மொழிபெயர்ப்பான ‘அநாசக்தி யோக’த்தின் முன்னுரையை முடித்தார். ஓய்வுக்கென எழுந்த மலைக்குடில் ஒன்று, பலனில் பற்றில்லாத உழைப்பைப் பற்றிய எழுத்துக்கு இடம் தந்தது. உழைப்பின் பலன் எட்டாண்டுக்கு முன்புவரை தம் கைக்கு வராதவர்கள் சுற்றியிருந்த கிராமங்களில் வாழ்ந்தனர் என்பதை இந்நிகழ்வோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

4. திறக்காத கதவு

உழைப்பைப் பற்றிய கேள்வி இவ்வாறிருக்க, கதவைப் பற்றிய கேள்வி வேறு திசையிலிருந்து வருகிறது. ஐரோப்பியர் விலக்கியது ஒரு பகுதி மட்டுமே. இந்தியரின் சொந்த விடுதிகளும் தர்மசாலைகளும் சாதியின்படியே திறந்தன, மூடின.

இதற்கு மறுக்கமுடியாத சான்று அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்பான ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. நியூயார்க்கிலும் இலண்டனிலும் படித்துத் திரும்பிய அவர், பரோடா அரசுப் பணியில் சேர 1917இல் அந்நகருக்குச் சென்றார். உதவித்தொகை அளித்துப் படிக்கவைத்த சமஸ்தானத்தின் தலைநகரில் அவருக்குத் தங்க இடமில்லை. இந்து விடுதி எதுவும் அவரை ஏற்காது என்பதை அவர் அறிந்திருந்தார். பார்சிகளுக்கான விடுதியொன்றில், ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதச்செய்து இடம்பெற்றார். ஆளரவமற்ற மேல்மாடி, பயனற்ற பொருள்கள் குவிந்த கூடம், மங்கிய விளக்கு. அங்கே தனியாக நாள்களைக் கழித்தார். அரசு பங்களா ஒன்று ஒதுக்கப்படும் என்ற நம்பிக்கையே அவரைத் தாங்கியது. பதினோராம் நாள், கையில் தடிகளுடன் வந்த பார்சிகள் அவரை வெளியேறச் செய்தனர். நண்பர்கள் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு வண்டியேறினார்.

வருகைப் பதிவேட்டை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அந்த விடுதியின் ஏட்டில் பார்சி ஒருவர் சில நாள் தங்கினார் என்று மட்டுமே இருக்கும்.

5. காற்று மாற்றம்

மலைநகரங்களின் பழக்கம் இந்தியர் கைக்கு வந்தபோது அதற்கு வங்காளத்தில் ‘ஹாவா பதல்’ என்று பெயர், காற்று மாற்றம். 1871இல் கல்கத்தாவிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதையின் குறுக்குத் தடம் திறக்கப்பட்டபின் மதுபூர், ஜசீடி, சிமுல்தலா முதலிய இடங்கள் எட்டும் தொலைவில் வந்தன. மலேரியாவும் செரிமானக் கோளாறும் வாட்டிய கல்கத்தாக் குடும்பங்கள் ‘மேற்கே’ போய் வந்தால் உடல் தேறும் என்று நம்பின. கிணற்று நீர் பசியைத் தூண்டும் என்பது பரவலான நம்பிக்கை. வசதியுள்ளோர் அங்கே தோட்டவீடுகள் கட்டினர். மதுபூரில் அசுதோஷ் முகர்ஜிக்கு வீடு இருந்தது. கிரிடீயில் மகலனோபிஸுக்கு இருந்தது. ஜகதீச சந்திர போஸ் 1937இல் கிரிடீயில்தான் காலமானார்.

இவ்வாறு வந்தவர்களுக்கு உள்ளூரார் வைத்த பெயர் ‘டாஞ்சி பாபு’. சந்தையில் கோழி, முட்டை, காய்கறியின் விலையைக் கேட்டதும் ‘டாம் சீப்’ என்று ஆங்கிலத்தில் வியந்து வாங்கிக் குவித்த கல்கத்தாக்காரரைக் குறிக்கும் சொல் அது. இந்திய ஓய்வுப் பயணத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்தக் கேலிப்பெயரில் அடங்கிவிடுகிறது. நகரத்தின் ஊதியமும் கிராமத்தின் விலையும் சந்திக்கும் இடைவெளியில்தான் ஓய்வு மலிவாகக் கிடைக்கிறது. விற்றவர்களில் பலர் சந்தால் மக்கள். 1855இல் வட்டிக்காரருக்கும் ஜமீன்தாருக்கும் கம்பெனிக்கும் எதிராக எழுந்தவர்களின் வழிவந்தவர்கள். டாஞ்சி பாபுக்கள் குளிர்காலத்தில் சில வாரங்கள் தங்கினர். ஆண்டின் மீதி நாள்களில் அவ்வீடுகளைக் காத்தவர்கள் உள்ளூர்த் தோட்டக்காரர்கள்.

6. காவற்காரரின் மனைவி

இந்தப் பழக்கம் பற்றிய மிகக் கூர்மையான ஆவணம் ஒரு திரைப்படம். சுனில் கங்கோபாத்யாயின் புதினத்தைத் தழுவி சத்யஜித் ராய் 1970இல் வெளியிட்ட ‘ஆரண்யேர் தின் ராத்ரி’யில், நான்கு கல்கத்தா இளைஞர்கள் சில நாள் ஓய்வுக்காகப் பலாமூ காட்டுக்குக் காரில் வருகின்றனர். வனத்துறை விடுதியில் முன்பதிவு இல்லை. காவற்காரருக்குப் பணம் கொடுத்து உள்ளே நுழைகின்றனர். அவர் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறார். அவர் மனைவி நோயுற்றுக் கிடக்கிறார். இளைஞர்களுக்குத் தேவை வெந்நீரும் உணவும். வந்தவர்களில் ஒருவன் பணப்பையைக் காணவில்லை என்று ஏவலுக்கு அமர்த்திய உள்ளூர் இளைஞனை அடித்து விரட்டுகிறான். அந்த நோயாளியைச் சன்னல் வழியே பார்க்கும்படி அசீமிடம் அபர்ணா சொல்லும் இடம்வரை, விடுதிக்குப் பின்புறம் ஒரு குடும்பம் வாழ்கிறது என்பது அவன் கண்ணில் படவேயில்லை. டாக் பங்களாவின் தரைப்படத்தில் பணியாளர் குடியிருப்பு ஏன் எட்டத்தில் அமைந்தது என்பதற்கு இக்காட்சி விடை சொல்கிறது. பார்வைக்கு வெளியே இருப்பது அக்கட்டட அமைப்பின் விதி.

இப்படம் வந்தபோது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. இக்கட்டுரையின் இரண்டு கேள்விகளுக்கும் அச்சட்டம் நேரடியாக விடையளித்திருந்தது. பிரிவு 15(2) மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டிக் கடை, உணவகம், தங்கும் விடுதி முதலியவற்றில் எந்தக் குடிமகனையும் தடுக்கக்கூடாது என்கிறது. இது கதவைப் பற்றியது. பிரிவு 23 கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. இது சுமையைப் பற்றியது. இப்பிரிவின் ஆங்கில மூலத்திலேயே ‘பேகார்’ என்னும் சொல் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. மலைப்பாதைகளில் சுமந்தவர்கள் தம் நிலையைக் குறிக்க வழங்கிய சொல், அவர்களை விடுவிக்கும் சட்டத்தில் நிலைபெற்றது.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவின் பொருளை விரிவாக்கியது. குறைந்தபட்ச ஊதியத்திற்கும் கீழான கூலிக்கு ஒருவர் உழைத்தால் அதுவும் கட்டாய உழைப்பே. வறுமையும் ஒரு கட்டாயம்தான் என்பது அத்தீர்ப்பின் சாரம். தடியோடு நிற்கும் அதிகாரி இல்லாத இடத்திலும் பேகார் இருக்கமுடியும் என்று இதனால் சட்டம் ஏற்றுக்கொண்டது.

இன்றைய விருந்தினர் குடில்களுக்கு இவ்வரலாறு எவ்வளவு பொருந்தும்? வேறுபாடுகள் உண்மையானவை. இமாச்சலப் பிரதேசம் 2008இல் வகுத்த இல்லத் தங்கல் திட்டம் போன்றவற்றால் மலைவாழ் குடும்பங்கள் தம் வீட்டையே விடுதியாக்கி வருவாய் பெற வழி பிறந்தது. முன்பு பெட்டி சுமந்தவரின் பேரர் இன்று சாவியை நீட்டும் உரிமையாளராக இருக்கக்கூடும். தொடர்ச்சியும் உண்மையானது. குடிலின் பின்புறத்தில் சமைப்பவர், துவைப்பவர், இரவு முழுதும் விழித்திருப்பவர் பெறும் ஊதியம் என்ன என்பது விருந்தினருக்குத் தெரியும் தகவல்களில் இடம்பெறுவதில்லை. பெயரைக் கேட்டதும் அறை இல்லை என்று சொல்லப்படும் அனுபவமும் மறைந்துவிடவில்லை.

ஓய்வின் வரலாற்றை எழுத முற்படும் மாணவர்களுக்கு ஆவணச் சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. விருந்தினர் ஏடுகளும் நினைவுக் குறிப்புகளும் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. பாகேஷ்வரின் சுமைப் பதிவேடுகளோ ஆற்றோடு போயின. அவற்றைச் சுமந்தவர்களே எறிந்தனர். அந்த இடைவெளியை ஆவணக் குறைபாடாகக் கருதி வருந்துவதில் பொருளில்லை. ஒரு பதிவேடு ஏன் கிடைக்கவில்லை என்பதே சில வேளைகளில் அது இருந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியதைவிட அதிகம் சொல்கிறது. மீதியை நிலத்தீர்வை அறிக்கைகளிலும், ‘சக்தி’ போன்ற இதழ்களின் பழைய தொகுப்புகளிலும், மலைக்கிராமங்களின் வாய்மொழி நினைவுகளிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும் தேட வேண்டியிருக்கிறது.